‘தி பாப்பி வார்’ படித்தபின் மனம் ஏன் இப்படிக் கனக்கிறது? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் வாழும் சீன வம்சாவளி எழுத்தாளர் ஆர். எஃப். குவாங் எழுதி 2018இல் வெளியான ‘தி பாப்பி வார்’ என்னும் ஆங்கில நாவலை முடித்துவிட்டுச் சில நாட்கள் வேறு எதையும் கையில் எடுக்க முடியாமல் இருந்தவர்கள் கேட்ட கேள்விகளையும், நானே என்னைக் கேட்டுக்கொண்டவற்றையும் இங்கே தொகுத்திருக்கிறேன். கதையின் முடிவைத் தொடாமல் இந்த நாவல் உண்டாக்கும் உணர்ச்சியைப் பேச வழியில்லை. முடிவை முன்கூட்டி அறிய விரும்பாதவர்கள் நாவலைப் படித்துவிட்டு வருவது நல்லது.

நாவலைப் படிக்காதவருக்குக் கதையைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

நிக்கான் என்னும் பேரரசின் தென்கோடிச் சிற்றூரில், அபின் கடத்தும் வளர்ப்புப் பெற்றோரிடம் அடிமைபோல் வளரும் ரின் என்ற போர் அனாதை, தன்னைவிடப் பல மடங்கு மூத்த ஒருவனுக்கு மணம் முடிக்கப்படுவதிலிருந்து தப்புவதற்காக நாடு தழுவிய தேர்வு ஒன்றுக்குப் படிக்கிறாள். தேர்வில் தன் மாகாணத்திலேயே முதலிடம் பெற்று, செல்வர் வீட்டுப் பிள்ளைகள் பயிலும் சினெகார்டு போர்க்கல்லூரிக்குள் நுழைகிறாள். ஜியாங் என்ற விசித்திரமான ஆசிரியரிடம், அபின் மயக்கத்தின் வழியாகத் தெய்வங்களை அணுகும் வித்தையைக் கற்கிறாள். அப்போது தீவு நாடான முகென் படையெடுத்து வருகிறது. போரின் நடுவே, ஃபீனிக்ஸ் என்னும் நெருப்புத் தெய்வத்தின் ஆற்றல் அவளுக்குக் கைகூடுகிறது. இறுதியில் அந்த ஆற்றலைக் கொண்டு அவள் என்ன செய்கிறாள் என்பதே நாவல். நிக்கானைச் சீனாவாகவும் முகெனை ஜப்பானாகவும் வாசகர் அடையாளம் காண்பதற்கு அதிக நேரம் ஆவதில்லை. ஆசிரியரும் அதை மறைக்கவில்லை.

முதல் பாதி பள்ளிக்கூடக் கதைபோல இருக்கிறது. பிற்பாதி ஏன் இப்படி மாறுகிறது? இது கட்டமைப்புக் குறை அல்லவா?

குறை என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஏழைப் பெண், திமிர் பிடித்த சக மாணவன், உற்ற நண்பன், கடுமையான ஆசிரியர்கள் என்று பழகிய தடத்தில் நாவல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு செல்வதால், இவள் தேர்வில் வெல்வாள், போட்டியில் வெல்வாள், போரிலும் வெல்வாள் என்று மனம் தனக்குத் தானே ஒரு கணக்குப் போட்டு வைத்துக்கொள்கிறது. அந்தக் கணக்கு உடையும்போதுதான் வலி தொடங்குகிறது. பாதிக்கப்பட்டவர்களை நாம் அறியாதிருந்தால் அவர்கள் எண்ணிக்கையாக மட்டும் நின்றிருப்பார்கள். ஆனால் ரின்னோடு ஒரே வகுப்பில் உட்கார்ந்திருந்த கிட்டே என்ற நண்பனும், அவளை இளப்பமாகப் பார்த்த வெங்கா என்ற மாணவியும் பின்னால் அழிந்த நகரத்தின் இடிபாடுகளுக்கு நடுவே எஞ்சியவர்களாகக் கண்ணில் படும்போது, வெங்காவின் மீது நமக்கு இருந்த பழைய எரிச்சலே நம்மைக் கூச வைக்கிறது. வகுப்பறைச் சண்டை எவ்வளவு அற்பமானது என்பதை ஆசிரியர் எங்கும் சொல்வதில்லை, சொல்லாமலே தெரிகிறது.

எனினும் போர்க்கல்லூரிப் பகுதி தேவைக்கு மேல் நீள்கிறது என்பது என் எண்ணம். அதைக் குறைத்திருந்தாலும் இதே விளைவு கிடைத்திருக்கும்.

21ஆம் அத்தியாயத்தில் வருவது உண்மையில் நடந்ததா?

இந்த நாவலைப் பற்றிப் பேசுகிறவர்கள் அத்தியாயத்தின் எண்ணைச் சொன்னாலே போதும், கேட்பவர் புரிந்துகொள்கிறார். கோலின் நிஸ் என்ற நகரம் வீழ்ந்த பின்பு ரின்னும் அவளுடைய தோழர்களும் அங்கே வந்து சேரும் அத்தியாயம் அது. அதற்கு மூலமாக அமைந்தது, 1937 டிசம்பர் 13 அன்று ஜப்பானியப் படை அன்றைய சீனத் தலைநகரான நான்ஜிங்கில் நுழைந்த பின், ஏறத்தாழ ஆறு வாரங்கள் நடந்த படுகொலை. போருக்குப் பின் டோக்கியோவில் நடந்த பன்னாட்டு இராணுவ நீதிமன்றம் கொல்லப்பட்டவர்கள் 2 லட்சத்துக்கும் மேல் என்று கணக்கிட்டது. சீன அரசு 3 லட்சம் என்கிறது, 1985இல் நான்ஜிங்கில் திறக்கப்பட்ட நினைவகத்தில் அந்த எண்ணே பொறிக்கப்பட்டுள்ளது. எண்ணிக்கை குறித்த சர்ச்சை இன்றும் ஓயவில்லை. நடந்ததே இல்லை என்று மறுப்பவர்களும் ஜப்பானில் இருக்கிறார்கள்.

நாவலில் மிகை என்று தோன்றும் இடங்கள் பலவற்றுக்கு அன்று அந்நகரில் இருந்தவர்களே எழுதிவைத்த சான்றுகள் உண்டு. சீமென்ஸ் நிறுவனத்தின் ஜெர்மானிய அலுவலர் ஜான் ராபே, தாம் நாஜிக் கட்சி உறுப்பினராக இருந்தும், வெளிநாட்டவர் சிலரோடு சேர்ந்து பாதுகாப்பு வலயம் ஒன்றை அமைத்து 2 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் புகலிடம் தந்தார். அவர் நாட்குறிப்பு எழுதினார். ஜின்லிங் மகளிர் கல்லூரியில் ஆயிரக்கணக்கான பெண்களையும் குழந்தைகளையும் காத்த அமெரிக்கர் மின்னி வோட்ரினும் எழுதினார். பாதிரியார் ஜான் மகீ தம் படக்கருவியால் மருத்துவமனைக் காட்சிகளைப் படம் பிடித்தார். இரண்டு ஜப்பானிய அதிகாரிகள் யார் முதலில் நூறு பேரை வாளால் வீழ்த்துவது என்று போட்டியிட்டதாக 1937இல் டோக்கியோ நாளிதழ் ஒன்று, விளையாட்டுச் செய்தியின் தோரணையில் எழுதியது. அந்தப் போட்டி செய்தியில் சொன்னபடியே நடந்ததா என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அப்படி ஒரு செய்தி அச்சாகி, மக்கள் காலையில் அதைப் படித்தார்கள் என்பதில் ஐயம் இல்லை. என்னை அதிகம் உலுக்கியது அதுதான்.

இந்தப் படுகொலையை ஆங்கில வாசகர்களிடம் பரவலாகக் கொண்டு சேர்த்தவர் ஐரிஸ் சாங் என்ற சீன அமெரிக்கர். அவருடைய வரலாற்று நூல் 1997இல் வந்தது. அவர் 2004இல், 36ஆம் வயதில் மறைந்தார். குவாங் தம் நாவலை ஐரிஸுக்குத்தான் காணிக்கையாக்கியிருக்கிறார். முதல் முறை அந்தப் பக்கத்தைப் புரட்டிக் கடந்தவன் நான். நாவல் முடிந்த பிறகு திரும்பிச் சென்று பார்த்தபோது அந்த ஒற்றை வரி வேறு மாதிரி ஒலித்தது.

நாவலில் மனிதர்கள்மீது சோதனை நடக்கும் ஆய்வுக்கூடக் காட்சிகளும் உண்மையில் நடந்தவைதானா?

ஆம். வடகிழக்குச் சீனாவில் ஹார்பின் நகரை ஒட்டிய பிங்ஃபாங்கில் ஜப்பானிய இராணுவத்தின் 731ஆம் பிரிவு இயங்கியது. உயிரோடிருந்த மனிதர்களின் மீது நோய்க்கிருமிச் சோதனைகள் நடந்தன. அங்கே கொண்டுவரப்பட்டவர்களை ‘மருத்தா’ என்று குறிப்பிட்டார்கள். ஜப்பானிய மொழியில் அதற்கு மரக்கட்டை என்று பொருள். பிரிவின் தலைவர் ஷிரோ இஷீ என்ற இராணுவ மருத்துவர். நாவலில் வரும் மருத்துவருக்கும் ஷிரோ என்றே பெயர். சோவியத் ஒன்றியம் 1949 டிசம்பரில் கபரோவ்ஸ்கில் இப்பிரிவைச் சேர்ந்த சிலரை விசாரித்துத் தண்டித்தது. ஆனால் ஆய்வு முடிவுகளைத் தங்களுக்குத் தந்தால் போதும் என்று அமெரிக்கர்கள் இஷீயை விசாரணையிலிருந்து காத்தார்கள். அவர் 1959இல் நோயுற்று இயல்பாக இறந்தார். நாவலில் ஷிரோவுக்கு என்ன நேர்கிறது என்பதை இதனோடு வைத்துப் பார்த்தால், புனைவு ஏன் சில வேளைகளில் வரலாற்றைவிட ஆறுதலாக இருக்கிறது என்பது விளங்கும்.

தெய்வமும் மந்திரமும் வருகிற கதைதானே. வரலாற்று நூலைப் படித்தபோது தாங்கிக்கொண்ட மனம் இதில் ஏன் உடைகிறது?

வரலாற்று நூலைத் திறக்கும்போதே நாம் தயாராகிக்கொள்கிறோம். எண்களும் அடிக்குறிப்புகளும் நமக்கும் நிகழ்வுக்கும் நடுவே ஒரு திரைபோல் நிற்கின்றன. மிகுபுனைவை வாசிக்க உட்காரும்போது அந்தத் தற்காப்பு இருப்பதில்லை. சிறகு முளைத்த தெய்வங்களையும் நெருப்பை உமிழும் பெண்ணையும் எதிர்பார்த்துச் சென்ற மனம் எல்லாக் கதவுகளையும் திறந்தே வைத்திருக்கிறது. நெருப்புத் தெய்வம் கற்பனை என்று நமக்குத் தெரியும். அதனால் அந்த நகரத்தின் தெருவும் கற்பனையாகத்தான் இருக்கும் என்று நம்பிக்கொண்டே படிக்கிறோம். பிறகு தேடிப் பார்த்தால், இருந்தவற்றுள் கற்பனை அந்தத் தெய்வம் மட்டும்தான் என்று தெரிகிறது. இரண்டாவது அடி அங்கே விழுகிறது. பலருக்கு அது முதல் அடியைவிட வலிக்கிறது.

எழுத்து நுட்பம் ஒன்றையும் சொல்ல வேண்டும். கோலின் நிஸ்ஸில் கொலை நடக்கும்போது ரின் அங்கே இல்லை. அவள் வந்து சேரும்போது எல்லாம் முடிந்துவிட்டது. கண்ணால் காண்பது எச்சங்களை; காதால் கேட்பது எஞ்சியவர்களின் வாய்மொழியை. வாசகரும் அதே நிலையில் நிறுத்தப்படுகிறார்: தடுத்திருக்க வாய்ப்பே இல்லாத, காலம் கடந்து வந்த ஒருவராக. வரலாற்றின் முன் நாம் எல்லோரும் நிற்கும் இடமும் அதுவே.

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இது இயல்பானதா?

இயல்பானது மட்டுமன்று, நாவல் உங்களிடம் எதிர்பார்ப்பதும் அதைத்தான். நம்முடைய தொல்காப்பியம் மெய்ப்பாடுகளை, அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளை, எட்டாக வகுத்து, ஒவ்வொன்றும் எந்தெந்த நிலைக்களத்தில் பிறக்கும் என்று சொல்கிறது. வெகுளிக்கு, அதாவது சினத்துக்கு, அது காட்டும் நான்கு: உறுப்பறை, குடிகோள், அலை, கொலை. உடலுறுப்பை அறுத்தல், மனைவி மக்களுக்கும் சுற்றத்துக்கும் கேடு சூழ்தல், அடித்து வருத்துதல், கொல்லுதல் என்று உரை சொல்லலாம். 21ஆம் அத்தியாயத்தை மறுமுறை படித்தபோது இந்த நான்கும் ஏறத்தாழ ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து வருவதைக் கண்டு திகைத்தேன். அழுகைக்கு நிலைக்களங்களாகச் சொல்லப்படும் இளிவு, இழவு, அசைவு, வறுமை ஆகியவையும் நாவலில் உண்டு. ஆனால் அவற்றில் தங்க ஆசிரியர் நேரம் தருவதில்லை. ரின்னுக்கும் துக்கம் காக்க நேரமில்லை. துக்கமாக வடிந்திருக்க வேண்டியது வடிய இடமின்றிச் சினமாக இறுகுகிறது. அவளுக்கு நேர்வதே நமக்கும் நேர்கிறது.

இறுதியில் ரின் செய்ததை ஒரு கணம் நான் வரவேற்றேன். இப்போது அதை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. ஏன்?

இந்தத் தொகுப்பை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான்.

தன்மீது அன்பு கொண்டிருந்த படைத்தலைவன் ஆல்டன் தன்னை அழித்துக்கொண்டு அவளைத் தப்பவிட்ட பின், ரின் தன் முன்னோர் வாழ்ந்து அழிந்த ஸ்பீர் தீவின் கோவிலில் நெருப்புத் தெய்வத்தோடு உடன்படிக்கை செய்துகொள்கிறாள். முகென் தீவில் எரிமலை வெடிக்கிறது. படைவீரர்கள் மட்டுமல்லர், அந்தத் தீவில் இருந்த உழவர், முதியோர், பிறந்த குழந்தை என எல்லோரும் சாகிறார்கள். அந்தப் பக்கங்களை எட்டும் நேரத்தில் நம்முள் ஏற்கெனவே ஐந்து அத்தியாயங்களாக ஊறிய சினம் இருக்கிறது. எரியட்டும் என்று நாமும் சொல்லிவிடுகிறோம். நான் சொன்னேன். சொல்லி முடித்து, ஒரு பக்கம் கழித்துத்தான் எதற்குத் தலையாட்டினேன் என்று உறைத்தது.

துயரம் நிறைந்த நாவல்கள் பல உண்டு. வாசகரைப் பாதிக்கப்பட்டவரின் பக்கத்தில் பாதுகாப்பாக நிறுத்தி, நல்லவராகவே வீட்டுக்கு அனுப்பிவைப்பது பெரும்பாலானவற்றின் வழக்கம். குவாங் அந்த வசதியை நமக்குத் தரவில்லை. கோலின் நிஸ்ஸில் முகென் வீரர்கள் நிக்கான் மக்களை மனிதராகக் கருதவில்லை என்று பொங்கிய அதே மனம், முகென் மக்களை மனிதராகக் கருத ஒரு கணம் மறந்துபோகிறது. 1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவிலும் மூன்று நாள் கழித்து நாகசாகியிலும் நடந்தது நினைவுக்கு வராமல் இராது. அந்தக் குண்டுகளைப் பற்றிப் பேசும்போது நான்ஜிங்கை ஈடாக எடுத்து வைப்பவர்களையும், நான்ஜிங்கைப் பற்றிப் பேசும்போது ஹிரோஷிமாவை எடுத்து வைப்பவர்களையும் நாம் அறிவோம். ஒரு பேரழிவை இன்னொன்றின் விலையாகக் காட்டும் அந்தப் பேரத்தில் நாமும் எவ்வளவு எளிதாக உட்கார்ந்துவிடுவோம் என்பதை நாவல் சோதித்துப் பார்க்கிறது.

கிட்டேயைக் கவனியுங்கள். கோலின் நிஸ்ஸின் பிணங்களுக்கு நடுவே உயிர் பிழைத்தவன் அவன். பழி வாங்கும் உரிமை யாருக்காவது உண்டென்றால் அவனுக்கு உண்டு. ஆனால் ரின் செய்ததைக் கேட்டு அதிர்ந்து அவளை எதிர்த்துக் கேள்வி கேட்பவனும் அவன்தான். ரின் தன் செயலை நியாயப்படுத்தத் தேடும் சொற்கள் எல்லாம் நாம் சற்று முன் மனத்துக்குள் சொல்லிக்கொண்டவை. கூச்சம் வருகிறதென்றால் நாவல் வேலை செய்திருக்கிறது என்று பொருள். வராதவர்களும் இருக்கிறார்கள், ரின் செய்தது சரியே என்று கடைசிவரை வாதாடும் நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. அவரோடு இன்னும் அந்த வழக்கு முடியவில்லை.

மெய்யான மனிதர்களின் துன்பத்தை ஆசிரியர் கதைச்சுவைக்காகப் பயன்படுத்திக்கொண்டார் என்ற குற்றச்சாட்டு நியாயமா?

முழுவதும் தள்ளிவிட முடியாது. வெங்கா தனக்கு நேர்ந்ததைச் சொல்லும் பகுதி, ரின்னின் முடிவுக்குத் தூண்டுகோலாகவே பயன்படுகிறது. அந்தப் பெண்ணின் துயரம் அவளுக்குச் சொந்தமாக நிற்க, மூன்று பாகத் தொடரின் முதல் பாகமான இந்த நாவலில் போதிய இடமில்லை. பின்வரும் பாகங்களில் அவளுக்கு இடம் கிடைக்கிறது என்றாலும், இந்த நூலைத் தனியாகப் படிப்பவருக்கு அது குறையே. முகென் தரப்பில் முகமுள்ள மனிதர்கள் அரிது என்பதையும் குறையாகச் சொல்வார்கள். இதை மட்டும் நான் ஓரளவு ஏற்று ஓரளவு மறுப்பேன்: முகமற்றவர்களாக அவர்கள் இருப்பதால்தான் முடிவில் நாம் ஏமாறுகிறோம்.

குவாங் இதை எழுதத் தொடங்கியபோது அவருக்கு வயது 19. அந்த வயதின் வேகமும் நிதானக் குறைவும் சில இடங்களில் தெரிகின்றன. ஆனால் கொடுமையை அழகுபடுத்தி எழுதினார் என்று யாரும் சொல்லிவிட முடியாது; அந்த அத்தியாயத்தின் வாக்கியங்கள் வறண்டவை, குட்டையானவை, ஒரு பட்டியலைப் படிப்பதுபோல் ஓடுபவை.

படித்ததிலிருந்து தூக்கம் கெட்டிருக்கிறது. பாதியில் நிறுத்தலாமா?

தாராளமாக நிறுத்தலாம். புத்தகத்தை முடிப்பது கடமை அன்று. நான் 21ஆம் அத்தியாயத்துக்குப் பின் நூலை அலமாரியில் திருப்பி வைத்துவிட்டு, பதினோரு நாள் கழித்துத்தான் மீண்டும் எடுத்தேன். இரவில் படிக்காமல் பகலில் படிப்பதும், அந்த அத்தியாயத்தை மட்டும் தாண்டிச் செல்வதும் பயன் தருகின்றன. தாண்டினாலும் கதைத்தொடர்பு அறுந்துவிடாது. படித்த ஒருவரிடம் பேசுவது எல்லாவற்றையும்விட உதவும். ஒரு குறிப்பும் சொல்ல வேண்டும்: படித்த வேகத்திலேயே நான்ஜிங்கின் நிழற்படங்களைத் தேடிப் போகாதீர்கள். போரையோ பாலியல் வன்முறையையோ தம் வாழ்வில் சந்தித்தவர்களுக்கு இந்த நாவல் பழைய காயத்தைத் திறக்கக்கூடும்; அவர்கள் உள்ளடக்கத்தை முன்பே தெரிந்துகொண்டு முடிவெடுக்கட்டும். வாரங்கள் கடந்தும் காட்சிகள் விடாமல் வருத்தினால், புத்தகத்தால் வந்தது என்று வெட்கப்படாமல் மனநல மருத்துவரைப் பார்க்கலாம்.

நாயகி பதின்வயதுப் பெண். பிள்ளைகளுக்கு வாங்கித் தரலாமா?

வேண்டாம். இது பெரியவர்களுக்கான நாவல்.

சீனாவின் கதை தமிழ் வாசகரை இந்த அளவு ஏன் தொட வேண்டும்?

தொடுவதற்குச் சீனராக இருக்க வேண்டியதில்லை. ஆனாலும் மலேசியத் தமிழருக்கும் சிங்கப்பூர்த் தமிழருக்கும் இது அயல்நாட்டுக் கதை அன்று. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தது. அதே ஜப்பானியப் படைதான் மலாயாவை ஆண்டது. தாய்லாந்தையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் ரயில்பாதை போடுவதற்காகத் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர்கள் கொண்டுசெல்லப்பட்டார்கள். காலராவிலும் பசியிலும் அடியிலும் பல்லாயிரம் பேர் அங்கேயே மடிந்தார்கள். சயாம் மரண ரயில் என்று இன்றும் அதைச் சொல்கிறார்கள். பிடிபட்ட ஆங்கிலேய, ஆஸ்திரேலியப் போர்வீரர்களுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் அமைந்தன. தமிழர்களில் மிகப் பலருக்குப் புதைத்த இடம்கூடத் தெரியாது. அந்தக் குடும்பங்களில் பிறந்த ஒருவர் இந்த நாவலைப் படிக்கும்போது, கோலின் நிஸ் அவருக்கு முழுக்கக் கற்பனை ஊராக இராது. அவருக்கு எழும் சினமும் என்னுடையதைவிட வேறு கனம் கொண்டது. அவரிடம் முடிவைப் பற்றி வாதாட எனக்குத் துணிவில்லை.

அபினுக்கும் இந்தியாவுக்குமான தொடர்பை மறந்துவிடக் கூடாது. தலைப்பில் வரும் பாப்பி என்பது அபின் தரும் கசகசாச் செடி. 1839 முதல் 1842 வரையிலும், மீண்டும் 1856 முதல் 1860 வரையிலும் சீனாவின்மீது நடந்த அபின் போர்களுக்குக் காரணமான சரக்கு, பெரும்பாலும் ஆங்கிலேயர் ஆட்சியில் இந்திய மண்ணில் விளைந்தது.

அடுத்த இரண்டு பாகங்களைப் படித்தால் மனம் ஆறுமா?

ஆறாது. 2019இல் இரண்டாம் பாகமும் 2020இல் மூன்றாம் பாகமும் வந்தன. ரின்னின் பாதையை மாவோவின் வாழ்க்கையை மனத்தில் வைத்து வகுத்ததாக ஆசிரியர் கூறியிருக்கிறார் என்பதிலிருந்தே அது எங்கே போகும் என்று ஓரளவு ஊகிக்கலாம். ஆனால் முதல் பாகத்தின் முடிவைக் கொண்டாட்டமாக எடுத்துக்கொண்டவர்கள் இரண்டாம் பாகத்தின் தொடக்கத்தையாவது படிக்க வேண்டும். தீவை எரித்த ரின் அங்கே வீராங்கனையாக வருவதில்லை. தான் செய்ததை நினையாமல் இருப்பதற்காக அவள் அபின் புகைத்துக்கொண்டிருக்கிறாள். சிறுவயதில் வளர்ப்புப் பெற்றோருக்காக ஊர் ஊராகத் தூக்கிச் சுமந்த அதே சரக்கு.